ஃபோர்செப்ஸுக்கு முன் ஸ்கேன்: மூக்குச் சதையில் செய்யும் தவறுகள்

போன வாரம் பயிற்சிக்கு வந்திருக்கும் ஒரு தம்பி, எண்டோஸ்கோப்பில் இடது மூக்கில் மட்டும் சதை தெரிந்ததுமே, கிள்ளியெடுக்கும் இடுக்கியான ஃபோர்செப்ஸ் இருந்த தட்டுக்குக் கையை நீட்டினார். நான் போட்ட சத்தத்தில் நோயாளியே பயந்துவிட்டார். ஒரு காலத்தில் என் கையும் அதே தட்டுக்கு நீண்டதுதான். மூக்குக்குள் இயல்பாகவே இருக்கும் டர்பினேட் மடிப்பை, வீங்கித் தொங்கும் சதையான பாலிப் என்று நினைப்பதெல்லாம் முதல் மாதத்திலேயே சரியாகிவிடும், அதை விடுங்கள்.

ஸ்கேனுக்கு முன்பே பயாப்ஸி

பதினைந்து வயதுப் பையன். பல மாதங்களாக மூக்கடைப்பு, அடிக்கடி ரத்தம், எல்லாம் வலது பக்கம் மட்டும். உள்ளே வழவழப்பாக, சிவந்த ஒரு கட்டி. சாதாரண பாலிப் உரித்த திராட்சை போல வெளுத்திருக்கும், பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். இது அந்தக் கணக்கில் சேரவில்லை என்று தெரிந்தும், பயாப்ஸிக்கு, அதாவது திசுப் பரிசோதனைக்கு, ஒரு துண்டு அனுப்பினால் விடை வந்துவிடுமே என்று கிள்ளினேன். ரத்தம் கொட்டியது. மூக்குக்குள் அடைத்து வைத்த துணி நனைந்து, தொண்டை வழியாக இறங்கி, பையன் கட்டிகட்டியாக ரத்த வாந்தி எடுத்தான். தூக்கிக்கொண்டு தியேட்டருக்கு ஓடினோம். பிழைத்துக்கொண்டான். "சும்மா பார்க்கிறேன்னுதானே சொன்னீங்க?" என்று அவன் அம்மா கேட்டபோது என்னிடம் பதில் இல்லை.

அது ஆஞ்சியோஃபைப்ரோமா, ரத்தக்குழாய்கள் நிறைந்த கட்டி. ஏறக்குறைய வளரிளம் பருவத்து ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமே வருவது. அதன் ரத்தக்குழாய்ச் சுவரில் சுருங்குவதற்கான தசை சரியாக இருப்பதில்லை; கிள்ளினால் தானாக நிற்காது. கான்ட்ராஸ்ட் மருந்தை ரத்தத்தில் ஏற்றி சிடி ஸ்கேன் எடுத்திருந்தால் கட்டி பளிச்சென்று ஒளிர்ந்து, கன்ன சைனஸின் பின்சுவர் முன்னோக்கி வளைந்திருப்பதும் தெரிந்திருக்கும். பயாப்ஸியே தேவைப்பட்டிருக்காது.

கைக்குழந்தைகளிடம் இன்னொரு ஆபத்து. மூக்கின் மேல்பக்கத்திலிருந்து தொங்கும் சதை, குழந்தை அழும்போது புடைக்கிறதா? அது மூளைச் சவ்வோ மூளைத் திசுவோ இறங்கி வந்ததாக இருக்கலாம். கிள்ளினால் மூளைத் தண்டுவட நீர் ஒழுகும், மூளைக்காய்ச்சல் வரலாம்.

"திசுப் பரிசோதனைதானே சார் கடைசி விடை?" என்று இன்றும் வாதாடுகிறார்கள். கடைசி விடைதான். அதை ஏன் முதலில் கேட்கிறீர்கள்?

எம்ஆர்ஐயில் கறுப்பு என்றால் காற்று

எல்லா நேரமும் அப்படி இல்லை. கெட்டியான பூஞ்சைச் சளி, எம்ஆர்ஐயின் ஒரு வகையான டி2 படத்தில் கறுப்பாகத் தெரிந்து, சைனஸ் காலி என்று ஏமாற்றும். பக்கத்தில் சிடியை வைத்துப் பார்த்தால் அதே இடம் நிரம்பியிருக்கும்.

பயாப்ஸிக்கு முன் ஸ்டீராய்டு மாத்திரை

சதை லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாக இருந்தால் சுருங்கிவிடும். அப்புறம் ரிப்போர்ட்டில் ஒன்றும் கிடைக்காமல் போகலாம்.

இரண்டு பக்கச் சதையும் ஒரே டப்பாவில்

வேண்டாம். எது எந்தப் பக்கத்துச் சதை என்று தெரியாமல் போய்விடும்.

"பாலிப்தான்" என்ற ரிப்போர்ட்

மேலோட்டமாகக் கிள்ளினால், முன்னால் தொங்கும் பாலிப் மட்டும்தான் வரும். இன்வர்ட்டட் பாப்பிலோமா என்ற, உள்நோக்கி வளரும் கட்டியோ புற்றுநோயோ பின்னால் ஒளிந்திருக்கும். கன்னம் மரத்துப்போகிறது, மேல்பல் ஆடுகிறது, பார்வை இரண்டாகத் தெரிகிறது என்று நோயாளி சொன்னால், ரிப்போர்ட் என்ன சொன்னாலும் சரி, ஆழத்திலிருந்து மறுபடி எடுங்கள்.

போன வார நோயாளிக்கு சிடி வந்துவிட்டது. பக்கச் சுவரில் ஓரிடத்தில் மட்டும் எலும்பு தடித்திருக்கிறது. பாப்பிலோமா என்றால் வேர் பெரும்பாலும் அங்கேதான். வேரை விட்டால் திரும்ப வளரும். தம்பி அந்த இடத்தைப் பேனாவால் வட்டமிட்டு வைத்திருக்கிறார். பயாப்ஸி நாளைக்கு, தியேட்டரில்.