ஸ்கிளீரல் லென்ஸ் போட ஒரு மூன்றாவது கை

ஸ்கிளீரல் லென்ஸ் என்ற பெரிய காண்டாக்ட் லென்ஸ் கைக்கு வந்த முதல் வாரம் எல்லோரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். மேலிமையைத் தூக்க ஒரு கை, கீழிமையை இழுக்க ஒரு கை. லென்ஸைப் பிடிக்கக் கை இல்லை. மதுரையிலோ சென்னையிலோ அளவெடுத்துக் கொடுக்கும்போது ஒரே கையின் இரண்டு விரலால் இமையை விரித்துக் காட்டுவார்கள். காரைக்குடி வந்து சேர்ந்ததும் அது வராது. கெரட்டோகோனஸ், அதாவது கருவிழி கூம்பாகப் பிதுங்கும் நோய் உள்ளவருக்கு இன்னொரு கண்ணும் மங்கல்தானே.

இந்த லென்ஸ் கருவிழியைத் தொடாமல் பாலம் போல நின்று வெள்ளைவிழியில் உட்காரும். குறுக்களவு பெரும்பாலும் 15 முதல் 20 மி.மீ. உள்ளே சலைன் (கிருமி நீக்கிய உப்புக் கரைசல்) நிரப்பித்தான் போட வேண்டும். 1888-இல் கண் மருத்துவர் அடால்ஃப் ஃபிக் விவரித்த ஆரம்பகாலக் கண்ணாடி லென்ஸும் இதே மாதிரி பெரியதுதான். உள்ளே திராட்சைச் சர்க்கரைக் கரைசல். திரவம் சிந்தாமல் லென்ஸைக் கண்ணுக்குக் கொண்டுபோவது அன்றிலிருந்தே உள்ள பாடு. கருவிகள் எல்லாம் அதற்காகத்தான்.

பிளஞ்சர் என்பது லென்ஸைத் தாங்கவோ உறிஞ்சிப் பிடிக்கவோ உதவும், காம்பு வைத்த சின்ன ரப்பர் கிண்ணம். அதில் இரண்டு வகை. கிண்ணம் பெரிதாக, நடுவில் துளையோடு இருப்பது போடுவதற்கு. சிறிதாக, துளை இல்லாமல் இருப்பது எடுப்பதற்கு. துளை வழியாகக் காற்று போவதால் பெரியது லென்ஸை இறுக்கிப் பிடிக்காது. கண்ணில் ஒட்டியதும் லென்ஸ் தானாகக் கழன்றுகொள்ளும். துளை இல்லாததில் போட முயன்றால், லென்ஸ் கண்ணில் உட்கார்ந்த பிறகும் பிளஞ்சர் விடாது. இழுக்கும்போது லென்ஸும் கூடவே வரும். 'ஒவ்வொரு முறையும் வெளியே வந்துவிடுகிறது' என்று சொல்பவர்களிடம் முதலில் பார்க்க வேண்டியது கையில் எந்த பிளஞ்சர் இருக்கிறது என்பதை.

பிளஞ்சரை நிமிர்த்தி நிறுத்தும் தாங்கிதான் அந்த மூன்றாவது கை. அடியில் பச்சை எல்.இ.டி. வைத்த சீ-கிரீன் போன்றவை வெளிநாட்டில் விற்கின்றன. பிளஞ்சரின் துளை வழியே ஒளி மேலே வரும்; அதையே உற்றுப் பார்த்தபடி குனிந்தால் லென்ஸ் நேராகக் கருவிழிக்கு நடுவில் வந்து நிற்கும். பார்வை மங்கியவருக்கு இது பெரிய உதவி. வாங்க முடியாதவர்கள் தச்சரிடம் செய்துகொள்ளலாம். செட்டிநாட்டில் தேக்குத் துண்டுக்கா பஞ்சம்? மூன்று அங்குலச் சதுரக் கட்டை, நடுவே மேலிருந்து கீழ்வரை ஊடுருவும் ஒரு துளை. பிளஞ்சரைக் கையோடு கொண்டுபோய் அதன் காம்புக்குத் தக்கபடி துளையிடச் சொல்லுங்கள். தளர்வாக இருந்தால் ஆடும். இறுக்கமாக இருந்தால் காம்பு நசுங்கிக் காற்று வழி அடைபடும். உயரத்தை ஊகிக்காதீர்கள். மேசையில் முழங்கையை ஊன்றி முகத்தைக் கவிழ்த்து, கண்ணுக்கும் மேசைக்கும் உள்ள இடைவெளியை இன்னொருவரை அளக்கச் சொல்லி, அதில் ஓரிரு அங்குலம் குறைத்துக்கொள்ளுங்கள். கட்டைக்கு வார்னிஷ் அடித்து, தினமும் ஈரம் துடையுங்கள்; இல்லாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அடியில் சின்ன எல்.இ.டி. போதும், கண் கூசும் டார்ச் வேண்டாம். மின்கலத்தில் எரிவதாக இருந்தால் கரண்ட் போனாலும் கவலையில்லை.

விரலில் வைத்தே போடுகிறவர்களுக்கு ஓ-ரிங் நல்ல துணை. உள்விட்டம் 9, 10 மி.மீ. உள்ள புதிய சிலிக்கான் வளையம், ஆள்காட்டி விரல் நுனியில் உட்கார வேண்டும். அதன் மேல் லென்ஸ் தொட்டில் போல நிற்கும். மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் கிரீஸ் பட்டுக் கிடந்த வளையத்தை எடுத்துவராதீர்கள். அந்த எண்ணெய்ப் பசையைச் சோப்பும் முழுதாக எடுக்காது.

இனி போடும் முறை. மின்விசிறியை நிறுத்துங்கள். முற்றத்தில் வெளிச்சம் நன்றாக இருக்கும், ஆனால் தூசியும் காற்றும் அங்கேதான். உள்ளே மேசையில் உட்காருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவி, நூல் உதிராத துணியில் துடையுங்கள். புதுக் கண்டாங்கி முந்தானை ஆகாது. லென்ஸைப் பிளஞ்சரில் அதன் குழிந்த பக்கம் மேலாகத் தெரியும்படி வைத்து, பதப்பொருள் சேராத சலைனை விளிம்பு வரை ஊற்றி, இன்னும் ஒன்றிரண்டு சொட்டு விடுங்கள். நீர் விளிம்புக்கு மேல் லேசாகப் புடைத்து நிற்க வேண்டும். மோவாய் நெஞ்சில் முட்ட, முகம் தரைக்கு நேர் கவிழ வேண்டும். அடுத்தவர் உதவும்போதும் இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கும்: "அயித்தை, இன்னும் குனிங்க, வெளக்கையே பாருங்க." இரண்டு கையாலும் இமைகளை எலும்போடு சேர்த்துப் பிடித்து, கண்ணை லென்ஸிடம் கொண்டுபோங்கள். சலைன் முதலில் சில்லென்று படும். அங்கேதான் பலரும் பின்வாங்குவார்கள். நிற்காமல் இன்னும் ஒரு நூல் இறங்குங்கள், நீர் வழிந்து விளிம்பு பதியும். முதலில் கீழிமை, பிறகு மேலிமை என்று விட்டு, மெல்ல நிமிருங்கள்.

உடனே கண்ணாடியில் பாருங்கள். ஓரம் மினுங்கும் வட்டமாகக் காற்றுக் குமிழி தெரிந்தால் கழற்றி மறுபடி நிரப்பித்தான் ஆக வேண்டும், சொட்டு மருந்தால் சரியாகாது. குமிழி நிற்கும் இடத்தில் கருவிழி காயும், உறுத்தும், பார்வை கலங்கும். காரணம் பெரும்பாலும் இரண்டுதான்: தலை சாய்ந்திருந்து நீர் ஒருபக்கம் வழிந்தது, அல்லது இமை நழுவி லென்ஸில் இடித்தது.

எடுப்பதில்தான் ஆபத்து அதிகம். லென்ஸ் கண்ணில் இருக்கிறதா என்று விளிம்பைப் பார்த்து உறுதிசெய்யாமல் பிளஞ்சரை ஒருபோதும் வைக்காதீர்கள். வெறும் கருவிழியில் ஒட்டினால் தோல் உரியும். முதலில் சலைன் சொட்டுவிட்டு, கீழிமை வழியாக லென்ஸின் கீழ் ஓரத்தை விரலால் லேசாக அழுத்தி உறிஞ்சலை உடையுங்கள். பிளஞ்சர் நுனியைச் சலைனில் நனைத்து, நடுவில் அல்லாமல் கீழ் விளிம்புக்கு அருகே ஒட்டுங்கள். முன்பக்கமாகவும் மேலாகவும் சாய்த்தால் விளிம்பு முதலில் எழும், காற்று உள்ளே போகும், லென்ஸ் வந்துவிடும். நடுவில் வைத்து நேராக இழுத்தால் உறிஞ்சல் இன்னும் இறுகும். பிளஞ்சரோடு வந்த லென்ஸையும் பிடுங்காமல் பக்கவாட்டில் நகர்த்திக் கழற்றுங்கள். பிடுங்கினால் விரிசல் விடும்.

தவறி விழுந்தால் காலை எடுத்துவைக்காமல் அப்படியே நில்லுங்கள். ஆத்தங்குடிக் கல்லின் பூவேலைப்பாட்டில் லென்ஸைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு. டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வைத்து அடித்தால் விளிம்பு பளிச்சிடும். சலைனில் நனைத்த விரலால் ஒற்றி எடுங்கள், தரையில் இழுக்காதீர்கள். எடுத்ததை அப்படியே போடாமல், கிருமிநீக்கிக் கரைசலில் ஒரு முழுச் சுற்று வைத்தாக வேண்டும். முன்பே மேசையில் வெள்ளைத் துண்டு விரித்துவிட்டால் இந்தத் தேடலே வேண்டாம்.

சமையலறைப் பக்கம் ஒரு எச்சரிக்கை. மிளகாயின் காரம் எண்ணெயில் கரைவது, வெறும் தண்ணீரில் போகாது. மசாலா அரைப்பதற்கு முன்பே லென்ஸைப் போட்டுவிடுங்கள். எடுக்கும்முன் சோப்பால் இரண்டு முறை கழுவுங்கள். எண்ணெய்க் குளியல் நாளில் குளித்து முடித்து, இமைமுடியில் பிசுக்கு போன பிறகே லென்ஸ். கண்மை அதற்கும் பிறகு.

கிணறோ, போரோ, கொதித்து ஆறியதோ, எந்தத் தண்ணீரும் லென்ஸிலோ பிளஞ்சரிலோ படக் கூடாது. அகந்தமீபா என்ற ஓரணுவுயிர் தரும் கருவிழிப் புண்ணுக்கு மாதக்கணக்கில் வைத்தியம் ஓடும். திறந்த ஒற்றைவேளைச் சலைன் குப்பியில் மீந்ததை எடுத்துவைக்க வேண்டாம். பெராக்சைடு கரைசலில் ஊறவைப்பவர்கள், அதற்கான டப்பாவிலேயே குறைந்தது ஆறு மணி நேரம் விட வேண்டும். அதைக் கண்ணில் நேராக விட்டால் பற்றி எரியும். பிளஞ்சரை ஆல்கஹால் துணியால் துடைத்துக் காயவைத்து மூடிய டப்பாவில் வையுங்கள். வெயில்படும் ஜன்னல் மேட்டில் விட்டால் ரப்பர் பிசுபிசுத்துவிடும். விளிம்பில் கீறல் தெரிந்த அன்றே மாற்றுங்கள்; கீறல் இல்லாவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒன்று என்பது நல்ல கணக்கு.

லென்ஸை எடுத்த பிறகும் சிவப்பு, வலி, கூச்சம் தணியவில்லை என்றால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பாருங்கள். போகும்போது லென்ஸையும் இரண்டு பிளஞ்சர்களையும் டப்பாவோடு எடுத்துப்போங்கள்.