தமிழ்க் கோப்பை அனுப்பும் முன்

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த வேர்டு கோப்பை அப்படியே அனுப்பாதீர்கள். ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த எழுத்துரு அது. அது இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குவியலாகத்தான் தெரியும்.

அச்சகத்துக்கு என்றால் பிடிஎஃப் ஆக்கி அனுப்புங்கள். எழுத்துருவும் கோப்புக்குள்ளேயே பதிந்து போகும், பக்க அமைப்பும் கலையாது. பல ஆண்டுகள் பாதுகாக்க வேண்டிய ஆவணமா? அதற்கென்றே 2005-இல் பன்னாட்டுத் தரநிலையாக வந்த பிடிஎஃப்/ஏ வகையில் சேமியுங்கள். லிப்ரேஆபிஸ் என்ற இலவச அலுவலக மென்பொருளில் பிடிஎஃப் ஆக்கும்போதே அந்தத் தேர்வு இருக்கிறது.

வாங்குபவர் திருத்த வேண்டுமென்றால் தமிழ் எழுத்துகளுக்கென்றே தனிக் குறியீடுகள் உள்ள யூனிகோடு முறைக்கு மாற்றி வேர்டு கோப்பாகவே கொடுங்கள்.

அப்புறம், மூலக் கோப்பை மட்டும் அழித்துவிடாதீர்கள். பிடிஎஃப்பிலிருந்து தமிழை நகலெடுத்தால் பல நேரம் கொம்பும் காலும் இடம் மாறித்தான் வரும்.