கடலூரில் பைன் மரம் வைக்க ஆசையா? முதலில் எந்தப் பைன் என்று பாருங்கள்

கொடைக்கானல் போகிறவர்கள் பைன் காட்டில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டு, கீழே கிடக்கிற காயில் ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டு வருவார்கள். நான் ஒரு படி மேலே போய், முழ உயரக் கன்று ஒன்றை நர்சரியில் வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கடலூர் வரை கொண்டுவந்தேன். அது தை மாதம். பங்குனி வரை பச்சையாகத்தான் இருந்தது. கத்திரி வெயில் பிறந்த முதல் வாரத்தில் ஊசிகளின் நுனி செங்கல் நிறத்துக்கு மாறியது. வைகாசி முடிவதற்குள் தொட்டாலே உதிர்ந்தது. "குளிரில் பிறந்த பிள்ளையைக் கொண்டுவந்து அடுப்படியில் உட்கார வைத்தால் என்ன செய்யும்?" என்றாள் வீட்டுக்காரி. அவள் சொன்னதுதான் சரி.

ஆல்ப்ஸ் மலையில் வளர்கிற மவுண்டன் பைன் ஆனாலும், ஊட்டி கொடைக்கானல் பக்கம் நட்டிருக்கிற மெக்சிகோ நாட்டுப் பட்டுலா பைன் ஆனாலும் அவற்றுக்கு இரவுக் குளிர் வேண்டும். பகலில் இலை சமைத்து வைத்ததை மரம் இரவில் மூச்சுவிடுவதில் செலவழிக்கிறது. இரவு சூடாக இருந்தால் செலவு கூடும். நம் ஊர் மே மாத இரவில் மின்விசிறி இல்லாமல் மனிதனுக்கே தூக்கம் வருவதில்லை. அந்தப் புழுக்கத்தில் மலைப் பைனுக்கு வரவை விடச் செலவு அதிகமாகி, கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டாண்டி ஆகிவிடும். எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் இது மாறாது. சொல்லப்போனால் தண்ணீர் ஊற்ற ஊற்ற வேரும் அழுகும்.

அப்போ கடற்கரை ஊரில் பைன் ஆசையே கூடாதா? கூடும், மரத்தை மாற்றிக்கொண்டால்.

சவுக்கைக் காட்டி "இதுதான் நம்மூர் பைன்" என்பார்கள். இல்லை. சவுக்கின் 'ஊசி'யைச் சின்ன வயதில் எல்லோரும் இழுத்து விளையாடியிருப்போம். கணுவில் பட்டென்று கழன்றுவரும், திரும்பச் சொருகிவிட்டு எந்த இடத்தில் உடைந்தது என்று கேட்போம். அது ஊசியிலையே கிடையாது, கணுக்கணுவான மெல்லிய குச்சி. நிஜப் பைன் ஊசியில் கணு இருக்காது. இரண்டோ மூன்றோ ஐந்தோ ஊசிகள் சேர்ந்து, அடியில் மெல்லிய தோலுறை போட்ட ஒரு கற்றையாக இருக்கும்.

நம் பக்கத்து நர்சரிகளில் 'கிறிஸ்துமஸ் மரம்' என்று விற்பதுதான் நமக்கு ஏற்றது. பெயர் அரக்கேரியா. தாவரக் கணக்கில் பைன் குடும்பம் இல்லை, பங்காளி முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிற்கிற தோரணை அசல் மலை மரம். நார்ஃபோக் பைன் என்று சொல்லி விற்பதில் பெரும்பாலும் குக் பைன்தான் இருக்கும். 1774-ல் கேப்டன் குக் பசிபிக் கடலில் பார்த்த மரம் அது, நியூ கலிடோனியாத் தீவுக்காரன். கடல் காற்றும் உப்பும் பழகினது. சொந்த ஊரில் 60 மீட்டர் வரை போகும்.

கன்று வாங்கும்போது ஆளுயரச் செடியைப் பார்த்து மயங்காதீர்கள். ஒன்றரை அடி போதும். தொட்டியில் 'அடர்த்தியாக' இருந்தால் விரலால் மண்ணை விலக்கிப் பாருங்கள், மூன்று நான்கு கன்றுகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள். ஒன்றுதான் வேண்டும். நடுத்தண்டின் நுனி முறியாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இந்த மரத்துக்கு நுனி போனால் அழகான அடுக்கு போயிற்று. பக்கக் கிளையை வெட்டி வேர்விட வைத்த கன்றும் வேண்டாம், அது காலத்துக்கும் கிளை மாதிரியே படுத்துத்தான் வளரும். விதைக் கன்றா என்று கேட்டு வாங்குங்கள்.

இடம் பார்ப்பதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது. 31 வருடம் வயர்மேன் வேலை. லைனுக்கு அடியில் வளர்ந்த மரத்தை வெட்டியே கை காய்த்தவன். நட்டவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "சின்னதா இருக்கும்னு நினைச்சேன் சார்." கம்பம் எட்டு ஒன்பது மீட்டர்தான். இந்த மரம் அதைத் தாண்டிப் போயே தீரும், நுனியை வெட்டினால் மொட்டைக் கம்பம். ஆகவே லைனிலிருந்து 30 அடியாவது தள்ளுங்கள். வீட்டுச் சுவரிலிருந்து 20 அடி. செப்டிக் டேங்க் பக்கம் வேண்டாம். தென்பக்கம் கொஞ்சம் காலியாக விடுங்கள். குக் பைனுக்குப் பூமத்திய ரேகைப் பக்கமாகச் சாய்கிற குணம் உண்டு, நமக்கு அது தெற்கு. என் மரம் லேசாகச் சாய்ந்தபோது கயிறு கட்டி இழுத்து ஒரு வருடம் மல்லுக்கட்டினேன். வீண் வேலை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை ஏறியதே, அப்புறம் வாரக்கணக்கில் தெருத்தெருவாக மரத்தை அகற்றித்தான் லைன் இழுத்தோம். வெளி மாவட்டத்து ஆட்களும் வந்து வேலை செய்தார்கள். விழுந்து கிடந்த மரங்களின் அடியைப் பார்த்துக்கொண்டே போவேன். வீட்டு வாசலில் வைத்த மரங்கள் பலவற்றில் வேர் நாலா பக்கமும் ஓடாமல், வாங்கிய பாலித்தீன் பையின் வடிவத்திலேயே சுருண்டு கயிற்றுப் பந்தாக இருந்தது. பிடிப்பே இல்லாமல் இத்தனை வருடம் நின்றிருக்கிறது! அதனால் நடும்போது பையைப் பிளேடால் கீறி எடுத்து, அடியில் சுற்றிக்கொண்டிருக்கிற வேரை மட்டும் நறுக்கிவிடுங்கள். மண் உருண்டையை உடைக்கக் கூடாது, அரக்கேரியாவுக்கு அது பிடிக்காது.

குழி இரண்டரை அடிக்கு இரண்டரை அடி. என் வீடு கேப்பர் மலை அடிவாரத்தில், சரளை கலந்த செம்மண். தண்ணீர் நிற்காது, லேசான புளிப்பு மண், ஊசியிலை மரத்துக்கு அருமை. இந்த மண்ணுக்கு அடியில் இருப்பதைப் புவியியல்காரர்கள் கடலூர் மணற்கல் என்பார்கள். திருவக்கரையில் கல்லாகிப்போன மரங்கள் கிடப்பதும் அதே பாறையில்தான், அதில் ஊசியிலை மர வகையும் உண்டு. ஆக இந்த மண்ணுக்கு இது புது விருந்தாளி இல்லை.

எடுத்த மண்ணோடு இரண்டு கூடை மக்கிய எரு, ஒரு கிலோ வேப்பம்புண்ணாக்கு. செம்மண்ணில் கறையான் சும்மா விடாது. தேவனாம்பட்டினம் மாதிரி மணல் பகுதி என்றால் வண்டல் இரண்டு கூடை கூடுதல். தாழ்வான இடம் என்றால் குழிக்குப் பதில் ஒன்றரை அடி மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். குண்டு உப்பலவாடியில் என் மச்சான் நான் சொல்லியும் மேடு கட்டவில்லை. 2024-ல் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் வந்து நின்றதில் அவருடைய மரம் வேர் அழுகிப் போனது. என்னுடையது 2013-ல் வைத்தது. நிவரையும் ஃபெஞ்சலையும் பார்த்துவிட்டு மாடியைத் தாண்டி நிற்கிறது.

நடுவதற்கு ஆடி மாதம். ஐப்பசி அடைமழைக்குள் வேர் பிடித்துவிடும். தையில் நட்டால் நாலே மாதத்தில் கத்திரி. முதல் இரண்டு கோடைக்கு மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி ஒன்று நட்டுவையுங்கள், வாரம் இரண்டு முறை ஒரு குடம் தண்ணீர். உப்புக் கரிக்கிற போர் தண்ணீர் என்றால் கீழ் அடுக்கு பழுக்கும், அப்போது அரிசி கழுவின தண்ணீரோ குடிநீரோ கொடுங்கள். அடியில் சவுக்குச் சருகைப் பரப்புங்கள், தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. மாவுப்பூச்சி வந்தால் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெரும்பாலும் போய்விடும். முட்டுக்கழி ஒரு வருடம்தான், பழைய வேட்டிக் கிழிசலால் தளர்வாகக் கட்டுங்கள். காற்றில் ஆடினால்தான் தண்டு பருக்கும்.

இல்லை, எனக்கு ஊசிக் கற்றையோடு அசல் பைனே வேண்டும் என்பவர்களுக்குக் கரீபியன் பைன் இருக்கிறது. கியூபா, மத்திய அமெரிக்கக் கடலோரச் சமவெளிக்காரன், வெயில் தாங்கும். கிடைப்பதுதான் சிரமம். கிடைத்தாலும் வெறும் மண்ணில் வைத்தால் மஞ்சளித்து அப்படியே உட்கார்ந்துவிடும். பைன் வேரோடு கூடி வாழ்கிற ஒரு பூஞ்சை உண்டு. மண்ணிலிருந்து மணிச்சத்தை இழுத்துக் கொடுப்பது அதுதான், நம் மண்ணில் அது கிடையாது. கோத்தகிரியில் என் தங்கை வீட்டுக் கொல்லையில் ஒரு பைன் நிற்கிறது. அதன் அடிமண்ணை, வெள்ளை நூல் மாதிரிப் பூஞ்சை ஓடியிருந்த மேல்மண்ணாகப் பார்த்து, இரண்டு கை அள்ளி ஈரத்துணியில் கட்டிக் கொண்டுவந்து குழியில் கலந்தேன். முதல் ஆறு மாதம் ஒன்றும் தெரியவில்லை. இப்போது மூன்றாவது வருடம், நுனியில் மெழுகுவர்த்தி மாதிரி வெளிறின குருத்து ஒரு சாண் நிமிர்ந்திருக்கிறது. பேரன் தினமும் ஸ்கேல் வைத்து அளக்கிறான். தொடாமல் அளடா என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.