மாரிக்கு முன்: கட்டட மண் வடிகானுக்கும் வாவிக்கும் போகாமல் தடுப்பது எப்படி?

மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரத்தில் வீடு கட்டுகிறவர்களுக்கு மழை என்றால் சீமெந்து நனைந்துவிடுமே என்ற கவலைதான். வளவிலிருந்து ஓடிப்போகும் மண்ணை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அது வீதியோர வடிகானில் படிந்து மதகை அடைக்கும். அடுத்த மழைக்குத் தெருவில் தண்ணீர் நிற்கும். அடைக்காவிட்டால் நேரே வாவிக்குப் போகும். கலங்கல் தண்ணீரில் வெயில் அடிவரை இறங்காது, நீர்ப்புல் வாடும், இறாலும் மீன்குஞ்சும் ஒதுங்க இடமில்லாமல் போகும்.

1 சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் தண்ணீர். 10 பேர்ச்சஸ் காணி ஏறக்குறைய 253 சதுர மீற்றர். மாரியில் ஒரே நாளில் 50 மில்லிமீற்றர் பெய்வது இங்கே புதினமில்லை. அன்றைக்கு அந்தக் காணியில் விழுவது 12,600 லீற்றருக்கு மேல்.

1. முதலில் மண்ணைப் பாருங்கள்

எழுவான்கரை (வாவிக்குக் கிழக்கே, கடலோரப் பக்கம்) மண் பெரும்பாலும் மணல். மழையைக் குடித்துவிடும், ஓடினாலும் சீக்கிரம் படிந்துவிடும். தொல்லை தருவது, பள்ளக் காணியை உயர்த்த டிப்பர் டிப்பராக நாமே கொண்டுவந்து கொட்டும் கிறவல். ஒரு கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு அந்த மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்துக்குள் அடியில் போய்விடும். மறுநாள் காலையிலும் தண்ணீர் கலங்கலாக நின்றால் களி அதிகம் என்று அர்த்தம். அப்படியான மண்ணை, கீழே 4இல் சொல்லும் துணி வேலியும் முழுதாக வடித்துத் தராது. அதை மழையில் கரையவிடாமல் பார்ப்பதுதான் வேலை. துணி வேலி கட்டிவிட்டோம், போதும் என்று இருப்பவர்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

2. காலம் பார்த்து வெட்டுங்கள்

இங்கே மழையின் பெரும்பகுதி நவம்பர் முதல் ஜனவரி வரையில் கொட்டித் தீர்க்கிறது. மண் நிரப்புவதையும் அத்திவாரம் வெட்டுவதையும் செப்டம்பருக்குள் முடிக்கப் பாருங்கள். காணி வாங்கியதும் பேக்கோ பிடித்து மூலை முடுக்கெல்லாம் துப்பரவாக்குவது நம்மவர் பழக்கம். பார்க்க வடிவாக இருக்கும், ஆனால் வேண்டாத வேலை. கட்டடம் வரும் இடத்தை மட்டும் வெட்டுங்கள். வடிகான் பக்கமாக 2, 3 மீற்றர் அகலத்துக்குப் புல்லை அப்படியே விடுங்கள். செலவில்லாத வடிகட்டி அது.

3. குவியலை மூடுங்கள்

மணலையும் கிறவலையும் வீதியோரத்தில் பறிக்க விடாதீர்கள். வளவுக்குள், மேடான இடத்தில், வடிகானிலிருந்து தள்ளிப் பறிக்கச் சொல்லுங்கள். மேலே தறப்பாள் விரித்து, ஓரமெங்கும் கல் வையுங்கள்; நான்கு மூலைக்கு நான்கு கல் என்றால் மாரிக்காற்றுக்கு நிற்காது.

4. துணி வேலி

காணியின் தாழ்ந்த பக்கத்தில் கட்ட வேண்டும். சுற்றிவரத் தேவையில்லை. தண்ணீரை விட்டு மண்ணைப் பிடிக்கும் ஜியோடெக்ஸ்டைல் துணி கிடைத்தால் நல்லது. சின்ன வேலைக்குப் பழைய உரப் பேக்குகளைப் பிரித்துத் தைத்தும் சமாளிக்கலாம். 15 சென்ரிமீற்றர் ஆழத்தில் ஒரு கான் வெட்டி, துணியின் அடியை அதற்குள் விட்டு, மண் போட்டு மிதித்து இறுக்குங்கள். இதைச் செய்யாவிட்டால் தண்ணீர் அடியால் ஓடிவிடும், வேலி சும்மா நிற்கும். 2 மீற்றருக்குக் கூடாத இடைவெளியில் கதியால்களை நடுங்கள். துணி கட்டடப் பக்கம், கதியால் வெளிப்பக்கம். வேலியின் இரண்டு நுனிகளையும் மேட்டுப் பக்கம் கொஞ்சம் வளைத்துவிட்டால் தண்ணீர் சுற்றிக்கொண்டு போகாது. தண்ணீரை நிற்பாட்டி மண்ணைப் படிய வைப்பதுதான் வேலியின் வேலை. அதனால் வேலிக்கு உட்பக்கம் தண்ணீர் குளம்போல் நின்றால் பயந்து துணியைக் கிழித்துவிடாதீர்கள்.

வடிகான் வாயில் சல்லிக்கல் நிரப்பிய சின்னப் பைகளை அடுக்கலாம். வாயை முழுதாக அடைத்தால் அயல் வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார், நியாயமும் அவர் பக்கம்தான். மேலே வழிய இடம் விடுங்கள்.

5. வாசல்

டிப்பர் வந்துபோகும் வாசலில் பெரிய கருங்கல் பரப்புங்கள், 15 சென்ரிமீற்றர் தடிப்புக்கு. சக்கரத்துச் சேறு அங்கேயே கழன்றுவிடும்.

6. சீமெந்துத் தண்ணீர்

மிக்சரும் சட்டியும் கழுவிய தண்ணீர் கடும் காரம், அதன் பி.எச். அளவு 12 வரை போகும். 9ஐத் தாண்டினாலே மீனுக்குக் கஷ்டம். ஒரு மீற்றர் சதுரத்தில், முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, தடித்த பொலித்தீன் விரித்து, எல்லாக் கழுவலையும் அதற்குள் ஊற்றச் சொல்லுங்கள். பொலித்தீன் கட்டாயம். நம்முடைய மணல் தரையில் ஊற்றியது கீழே இறங்கிக் கிணற்றுத் தண்ணீரோடு சேரும். ஆகவே குழி கிணற்றுக்குக் கிட்ட வேண்டாம். வெயிலில் தண்ணீர் வற்றியதும் இறுகிய கட்டியை உடைத்து நிரப்புக் கல்லாகப் பாவிக்கலாம். பெயின்ட் பிரஷ் கழுவிய தின்னரை இதற்குள் ஊற்றக் கூடாது. ஒரு ரின்னில் ஊற்றி மூடி வைத்தால் பெயின்ட் அடியில் படியும், தெளிந்த தின்னரை மறுபடி எடுக்கலாம்.

இதெல்லாம் பெரிய திட்டங்களுக்குத்தான் என்று ஒப்பந்தகாரர் சொல்லக்கூடும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டம் உள்நாட்டு நீர்நிலைகளை மாசுபடுத்துவதைத் தடை செய்கிறது. அதில் சின்னக் கட்டடம், பெரிய கட்டடம் என்று விலக்கில்லை.

7. மழை விட்டதும்

வேலியை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். படிந்த மண் வேலி உயரத்தில் மூன்றிலொரு பங்குக்கு வந்துவிட்டால் வெட்டி எடுத்து, வளவுத் தென்னையடியில் போட்டு மட்டப்படுத்துங்கள். வடிகானுக்குள் தள்ளிவிடுகிற மேசன்மாரும் உண்டு, கவனம். அப்புறம் டெங்கு. குழியிலும் தறப்பாள் மடிப்பிலும் தண்ணீர் ஒரு வாரம் நின்றால் நுளம்பு பெருகும். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து கேட்பது நுளம்பைத்தான், வாவியை அல்ல. சீமெந்துக் குழியை மழை நாளில் மூடி வையுங்கள், தறப்பாளை உதறி விடுங்கள்.

கூரை போட்டாயிற்று என்று வேலியைக் கழற்ற வேண்டாம். வெறும் தரையில் புல் பிடித்து மண் தெரியாமல் மூடிய பிறகு கழற்றுங்கள்.