கருப்பைக் கட்டியின் நோயெதிர்ப்புச் செல்களைப் படிக்கிறீர்களா, உங்கள் நொதியை அளக்கிறீர்களா?

கருப்பை உள்படலப் புற்றுக்கட்டிக்குள் இருக்கும் நோயெதிர்ப்புச் செல்களில் எந்த மரபணு ஓடுகிறது, எது அடங்கியிருக்கிறது என்று ஒற்றைச்செல் ஆர்என்ஏ வரிசையாக்கத்தில் (ஒவ்வொரு செல்லின் ஆர்என்ஏவையும் தனித்தனியாகப் படிக்கும் முறை) பார்க்க வருகிறவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குழிகளில் விழுகிறார்கள். முன்னால் போனவர்களும் விழுந்த குழிகள்தான். கையுறை போடு, பனிக்கட்டியில் வை, குழாயில் பெயர் எழுது என்பதெல்லாம் முதல் வாரப் பாடம், அதை விட்டுவிடுவோம்.

37 டிகிரியில் பிறக்கும் "விழிப்பு"

இந்தத் தவறைப் பார்க்கும்போது இன்றைக்கும் எரிச்சல் வருகிறது. காரணம், வரிசையாக்கம் முடிந்த பிறகு இதைத் திருத்த வழியே இல்லை.

வழக்கமான காட்சி இது: கட்டியின் டி செல்களில் (நோயெதிர்ப்புச் செல்களில் ஒரு வகை) ஃபாஸ், ஜூன், இஜிஆர்1, டஸ்ப்1, எச்எஸ்பிஏ1ஏ, என்ஆர்4ஏ1 எல்லாம் உயர்ந்திருக்கின்றன. கட்டிக்கு அருகிலுள்ள இயல்பான திசுவோடு ஒப்பிட்டால் பெரிய வித்தியாசம். உடனே "கட்டியை அடையாளம் கண்டு விழித்துக்கொண்ட டி செல்கள்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் இதே மரபணுக்கள்தான் திசுவை 37 டிகிரி செல்சியஸில், செல்களைப் பிரித்தெடுக்கும் கொலாஜினேஸ் நொதியில் ஊறவைக்கும்போதும் சில நிமிடங்களில் எழும்புகின்றன. செல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. அதைப் பிய்த்தெடுக்கிறோம், அது பதற்றப்படுகிறது, அந்தப் பதற்றத்தை ஆர்என்ஏ பதிவு செய்கிறது. என்ஆர்4ஏ1 இதில் இன்னும் மோசம்: டி செல் ஏற்பிக்கு உண்மையான சமிக்ஞை வந்தாலும் உயரும், வெறும் அதிர்ச்சிக்கும் உயரும். மேக்ரோஃபேஜ்களிலும் (விழுங்கும் நோயெதிர்ப்புச் செல்கள்) இதே கதை. ஐஎல்1பி, டிஎன்எஃப், சிசிஎல்3, சிசிஎல்4 ஆகிய அழற்சி மரபணுக்கள் குழாய்க்குள்ளேயே ஏறிவிடும். பார்ப்பவருக்கு "அழற்சி மேக்ரோஃபேஜ்" கிடைத்துவிடும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒப்பீட்டில் ஒளிந்திருக்கிறது. உள்படலக் கட்டி பெரும்பாலும் மென்மையானது, அரை மணி நேரத்தில் பிரிந்துவிடும். அருகில் வெட்டியெடுத்த துண்டில் கருப்பைத் தசை சேர்ந்திருந்தால் அது நார்நாராக இருக்கும், ஒன்றரை மணி நேரம் ஆனாலும் கரையாது. ஆக ஒரு குழாய் 30 நிமிடம், மற்றது 90 நிமிடம். இரண்டுக்கும் இடையே தெரியும் வித்தியாசம் கட்டிக்கும் இயல்புக்குமா, 30க்கும் 90க்குமா? இந்தத் தரவை வைத்துக்கொண்டு யாராலும் சொல்ல முடியாது.

நொதிக்கு முன்பே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது என்பதும் பலருக்குத் தோன்றுவதில்லை. அறுவை சிகிச்சையில் கருப்பைத் தமனிகளைக் கட்டிய கணத்திலிருந்து திசுவுக்கு ரத்தம் இல்லை. அதற்குப் பிறகும் உறுப்பு வெளியே வரும்வரை உடல் சூட்டிலேயே கிடக்கிறது. வந்தபின் நோய்க்கூறியல் அறையில் திறந்து பார்த்து, தேவையானதை அவர்கள் எடுத்துக்கொண்ட பிறகுதான் ஆய்வுக்குத் துண்டு கிடைக்கும். தமனி கட்டிய நேரம், உறுப்பு வெளிவந்த நேரம், துண்டு குளிர்ந்த ஊடகத்தில் விழுந்த நேரம், நொதி சேர்த்த நேரம், நிறுத்திய நேரம் என்று ஐந்து நேரங்களையும் மாதிரிப் பட்டியலில் தனித்தனி நிரலாக எழுதுங்கள். பிறகு கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

உங்கள் நொதி என்ன செய்கிறது என்று பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. ஒரே கட்டித் துண்டை 1 மில்லிமீட்டர் அளவுக்குப் பொடியாக நறுக்கி, நன்றாகக் கலந்து, பிறகு இரண்டாகப் பிரியுங்கள். கலப்பது முக்கியம், அடுத்தடுத்த துண்டுகளிலேயே செல்களின் கலவை மாறும். ஒன்றை 30 நிமிடம், மற்றதை 90 நிமிடம் வையுங்கள். அதே 70 மைக்ரோமீட்டர் வடிகட்டி, அதே நாள், அதே ஓட்டம். இரண்டுக்கும் இடையே மாறுகிற மரபணுப் பட்டியல்தான் உங்கள் நொதியின் கையெழுத்து.

தப்பிக்கும் வழிகள் சில உண்டு, எல்லாவற்றிலும் ஓட்டை இருக்கிறது. நறுக்கும்போதிலிருந்தே ஆக்டினோமைசின் டி சேர்த்தால் புதிய ஆர்என்ஏ உருவாவது நிற்கும். ஆனால் அறுவை அறையில் ஏற்கெனவே நடந்ததை அது அழிக்காது, அந்தச் செல்களை வளர்க்கவும் முடியாது. குளிரிலேயே வேலை செய்யும் புரோட்டியேஸை 6 டிகிரியில் பயன்படுத்தலாம். நார் நிறைந்த தசையிடம் அது திணறும். உறைந்த திசுவிலிருந்து செல்கருக்களை மட்டும் எடுத்தால் இந்தப் பதற்றம் பெரும்பாலும் இல்லை. பதிலுக்கு டி செல் கருவில் கிடைக்கும் ஆர்என்ஏ சொற்பம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் கட்டிக்கும் இயல்புத் திசுவுக்கும் ஒரே நேரம், ஒரே நொதி, ஒரே வெப்பநிலை. கரையாத மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள், நேரத்தை நீட்டாதீர்கள்.

"மென்பொருளில் அந்த மரபணுக்களைக் கழித்துவிட்டால் போதாதா?" போதாது. உண்மையில் விழித்த டி செல்லிலும் ஃபாஸ், ஜூன் இருக்கும். கழித்தால் பொய்யோடு மெய்யும் போகும்.

என்கே செல்: வந்தவரா, வீட்டுக்காரரா?

கருப்பை உள்படலத்துக்கென்றே சொந்த என்கே செல்கள் (மற்ற செல்களைக் கொல்லவல்ல நோயெதிர்ப்புச் செல்கள்) உண்டு. அடையாளப் புரதங்களில் சிடி56 மிகுதி, சிடி16 இல்லை. மாதச் சுழற்சியின் பிற்பாதியில் புரோஜெஸ்டிரோனை ஒட்டிப் பெருகும். கிரானுலைசின், கிரான்சைம், பெர்ஃபோரின் என்ற கொல்லும் புரதங்கள் எல்லாம் வைத்திருக்கும். ஆகவே "கட்டியைக் கொல்ல ஊடுருவிய என்கே செல்கள்" என்று எழுதுமுன் ஐடிஜிஏ1, சிடி9 மரபணுக்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அவை அங்கேயே குடியிருந்தவையாக இருக்க வாய்ப்பு அதிகம். மாதவிடாய் நின்றவரா, இல்லையென்றால் சுழற்சியின் எந்தக் கட்டம், அறுவைக்கு முன் புரோஜெஸ்டின் (புரோஜெஸ்டிரோன் போன்ற மருந்து) மாத்திரையோ லெவோநார்ஜெஸ்ட்ரல் கருப்பைச் சாதனமோ இருந்ததா என்பதைக் குறிக்காத தரவுத் தொகுப்பில் என்கே செல் எண்ணிக்கையைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மரியாதை. இன்னொன்று: காமா-டெல்டா டி செல்லின் அடையாளமாக எடுக்கும் டிஆர்டிசி மரபணு என்கே செல்லிலும் தெரியும். அதை மட்டும் பார்த்து காமா-டெல்டா டி செல் என்று பெயர் வைக்காதீர்கள்.

20,000 செல் என்பது 20,000 நோயாளி அல்ல

ஒரு கட்டி வகையில் 3 பேர், இன்னொரு கட்டி வகையில் 3 பேர், மொத்தம் 20,000 டி செல்கள் என்று வையுங்கள். ஒவ்வொரு செல்லையும் தனி மாதிரியாக எண்ணினால் பி மதிப்பு (வித்தியாசம் இல்லாமலே இப்படி வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) பூஜ்யத்துக்கு ஒட்டி வரும். அதில் 9,000 செல்கள் ஒரே நோயாளியுடையதாக இருந்தால் நீங்கள் கண்டுபிடித்தது அந்த ஒருவரை. நோயாளிவாரியாக, செல்வகைவாரியாக எண்ணிக்கைகளைக் கூட்டி, அதை டிஈசெக்2 அல்லது எட்ஜ்ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் கொடுங்கள். கட்டியும் இயல்புத் திசுவும் ஒருவரிடமிருந்தே என்றால் நோயாளியையும் அந்தப் புள்ளியியல் சூத்திரத்தில் சேர்த்துவிடுங்கள். ஒரு வகை முழுவதையும் ஒரே நாளில், மற்றதை வேறு நாளில் ஓட்டியிருந்தால் எந்தக் கணக்கும் காப்பாற்றாது.

ஈபிகேமும் சிடி3டியும் ஒரே செல்லில்

ஈபிகேம் கட்டிச் செல்லின் அடையாளம், சிடி3டி டி செல்லின் அடையாளம். இரண்டும் சேர்ந்து தெரிந்தால் அது பெரும்பாலும் புதிய செல்வகை அல்ல, ஒரே துளிக்குள் சிக்கிய இரண்டு செல்கள். செல்களைத் துளிகளுக்குள் பிரிக்கும் 10எக்ஸ் குரோமியம் முறையின் 3ஆம் தலைமுறையில் 10,000 செல் மீட்டால் ஏறத்தாழ 8 சதவீதம் இப்படித்தான். இந்த இரட்டைகளைத் தேடும் மென்பொருளை, மாதிரிகளை இணைப்பதற்கு முன், ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓட்டுங்கள்.

"கட்டியில் நியூட்ரோஃபில் இல்லை"

இருந்தன. நியூட்ரோஃபிலில் ஆர்என்ஏ குறைவு; ஒரு செல்லுக்கு 500 மரபணு வேண்டும் என்று நீங்கள் வைத்த வரம்பு அவற்றை வெளியே தள்ளியது.

பிடி-1 இருந்தால் களைத்த செல்லா?

விழித்த டி செல்லிலும் பிடிசிடி1 (பிடி-1 புரதத்தின் மரபணு) வரும். களைப்பின் மற்ற அடையாளங்களான எல்ஏஜி3, டிம்-3, சிடி39, டாக்ஸ் எல்லாம் சேர்ந்து நிற்கின்றனவா பாருங்கள். டிம்-3 மைலாய்டு செல்களிலும் (மேக்ரோஃபேஜ் போன்றவை) தாராளமாக உண்டு என்பதால், முதலில் அது டி செல்தானா என்று உறுதிப்படுத்துங்கள்.

எம்1, எம்2

அழற்சியைத் தூண்டுவது எம்1, அடக்குவது எம்2 என்ற இரட்டைப் பிரிவு இது. கட்டி மேக்ரோஃபேஜுக்கு இந்தப் பெயர்களை வைக்காதீர்கள்.

எல்லாக் கட்டியையும் ஒரே கூடையில் போடுவது

2013ல் டிசிஜிஏ என்ற புற்றுநோய் மரபணு ஆய்வுத் திட்டம் 373 உள்படலப் புற்றுகளை ஆராய்ந்து நான்கு மூலக்கூறு வகைகளாகப் பிரித்தது. போல்-ஈ (POLE) மரபணுவில் பிறழ்வு உள்ளவையும், டிஎன்ஏ நகலெடுப்புப் பிழைகளைத் திருத்தும் அமைப்பில் குறைபாடு (பிழைதிருத்தக் குறைபாடு) உள்ளவையும் பிறழ்வுகளால் நிரம்பியவை. டி செல்களும் பொதுவாக அதிகம். பி53 பிறழ்ந்தவை பொதுவாக அப்படியில்லை. வகை தெரியாமல் "புற்றில் டி செல்கள் இப்படி இருக்கின்றன" என்று சராசரி எடுத்தால், அந்தச் சராசரிக்குச் சொந்தக்காரர் யாரும் இல்லை. பிழைதிருத்தக் குறைபாட்டுக்குள்ளும் பிரிவு உண்டு: எம்எல்எச்1 என்ற பிழைதிருத்த மரபணுவின் ஊக்கிப்பகுதி மெத்தில் ஏறி அடங்கியது ஒன்று, லின்ச் குறைபாட்டோடு (பரம்பரையாக வரும் பிழைதிருத்தக் குறைபாடு) பிறந்தது இன்னொன்று. நோய்க்கூறியல் அறிக்கையில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2 புரதங்கள் இரண்டும் இல்லை என்று மட்டும் இருந்தால், இரண்டில் எது என்று பிரிக்க மெத்திலேற்றச் சோதனை நடந்ததா என்று கேட்டு வாங்குங்கள். அதற்குத் திசு மிச்சம் இருக்கும்போதே கேளுங்கள்.