முதல் நாய் கண்காட்சி உள்ளூரிலேயே இருக்கட்டும்

கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நாய் வளர்ப்பவர்கள் எடுத்த எடுப்பில் பெங்களூரு, ஊட்டி போட்டிகளுக்குப் பெயர் கொடுக்க வேண்டாம். அங்கே நடக்கும் கென்னல் கிளப் (நாய் இனங்களைப் பதிவு செய்யும் சங்கம்) சாம்பியன்ஷிப் போட்டிகளில் இனப் பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். நடுவர் ஒவ்வொரு நாயையும் அதன் இன இலக்கணத்தோடு, அதாவது அந்த இனத்துக்கென்று வகுத்த உடலமைப்போடு, ஒப்பிட்டுத்தான் மதிப்பிடுவார். சான்றிதழ் இல்லாத சிப்பிப்பாறை நாட்டு நாய் எவ்வளவு அழகாக இருந்தாலும் அங்கே வழியில்லை. அதற்கு மாவட்ட அளவில் நடக்கும் கண்காட்சிகளே ஏற்றவை.

முதலில் நாயை வீட்டில் விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போய்ப் பாருங்கள். கூட்டம், ஒலிபெருக்கிச் சத்தம், நிழல், தண்ணீர் எல்லாவற்றையும் கவனியுங்கள். வாலை இடுக்கிக்கொண்டு நிற்கும் நாய்க்கு எந்த நடுவரும் பரிசு தரமாட்டார். உதட்டை விலக்கிப் பல்வரிசை பார்ப்பார்கள், உடலைத் தொட்டுத் தடவுவார்கள். அந்நியர் கை பட்டாலே உறுமுகிற நாயை இப்போதைக்கு அழைத்துப் போகாதீர்கள். பக்கத்து வீட்டுக்காரரை விட்டுத் தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லிப் பழக்குங்கள்.

வெறிநோய்த் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். அடர்ந்த ரோமமுள்ள இனங்களை மே மாத வெயிலில் திறந்த மைதானத்துக்குக் கொண்டுபோவது கொடுமை, பரிசே கிடைப்பதாக இருந்தாலும்.