ஜாவல்யூஷன்: ‘ஃபாஸ்ட்’ என்ற பெயரை நம்பிச் செய்யும் தவறுகள்

ஜாவாவில் ரியல்டைம் வேலை, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிந்தே ஆக வேண்டிய வேலை, என்று இறங்கினால் ஜாவல்யூஷன் என்ற பெயர் ஒருமுறையாவது காதில் விழும். ழான்-மாரி டோட்டெல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி அது. அதில் ஃபாஸ்ட்டேபிள், ஃபாஸ்ட்மேப் என்று கிளாஸ்கள் உண்டு. தவறு அந்தப் பெயரிலேயே தொடங்கிவிடுகிறது. ஜாவாவோடு வரும் சாதாரணப் பட்டியலான ஆர்ரேலிஸ்டை விட எத்தனை மடங்கு வேகம் என்று பத்து லட்சம் தடவை ஓட்டிச் சராசரி எடுக்கிறோம். நானும் எடுத்திருக்கிறேன். சராசரியில் ஆர்ரேலிஸ்டே ஜெயித்தாலும் ஆச்சரியமில்லை, ஏனென்றால் இந்த லைப்ரரியின் அக்கறை சராசரி அல்ல, எந்த ஒரு தடவையும் திடீரென்று தாமதமாகாமல் இருப்பது.

சாவியைக் கொடுத்தால் மதிப்பைத் தரும் ஜாவாவின் ஹேஷ்மேப்பைப் பாருங்கள். அளவு சொல்லாமல் உருவாக்கினால் 16 இடங்கள். முக்கால் பங்கு நிரம்பும்வரை, அதாவது 12 வரை, பிரச்சினை இல்லை. 13ஆவதைப் போட்டதும் 32 இடங்களுடன் புது அட்டவணை உருவாகி, பழையவை எல்லாம் அதற்குக் குடிபெயர்கின்றன. 13 பேர் வீடு மாறினால் யாருக்கும் தெரியாது. பல லட்சம் பேர் இருக்கும்போது எல்லையைத் தாண்டவைக்கும் அந்த ஒரே ஒரு புட் (சேர்க்கும் கட்டளை) மட்டும் மொத்தச் சுமையையும் தூக்கும். ஆர்ரேலிஸ்டும் 10, 15, 22, 33 என்று ஒன்றரை மடங்காக வளரும், ஒவ்வொரு தடவையும் உள்ளே இருப்பதை நகலெடுத்துக்கொண்டு. சராசரியில் இது கரைந்து காணாமல் போகும். 5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மோட்டாருக்குக் கட்டளை அனுப்பும் லூப்பில் கரையாது. ஃபாஸ்ட்டேபிள் துண்டு துண்டாக வளர்வது இதற்காகத்தான். எனவே அளக்க வேண்டியது மிக மோசமான ஒரு தடவையை. அதையும், ஓடும்போதே நிரலை மெஷின் மொழிக்கு மாற்றும் ஜேஐடி கம்பைலர் சூடேறிய பிறகு அளக்க வேண்டும், நிஜ ஓட்டத்திலும் மோட்டாரைத் தொடும் முன் அதே பாதையைச் சில ஆயிரம் தடவை சும்மா ஓட்டிவிட வேண்டும்.

கலெக்‌ஷனை மாற்றிவிட்டால், வேண்டாத ஆப்ஜெக்ட்டுகளைக் கூட்டித் தள்ளும் கார்பேஜ் கலெக்டர் ஒதுங்கிவிடும் என்று நினைப்பது அடுத்த தவறு. ஜேடிகே 9 முதல் சர்வர்களில் இயல்பாக வரும் ஜி1 கலெக்டர் கூட்டுவதற்காகப் புரோகிராமை நிறுத்திவைக்கும் நேரத்துக்கு வைத்திருக்கும் இலக்கே 200 மில்லிசெகண்ட். அதுவும் இலக்குதான், உத்தரவாதம் இல்லை. ஆகவே லூப்புக்குள் குப்பையே போடக் கூடாது. அது தெரியாமல் விழும் இடங்கள்தான் தொல்லை. இண்டிஜரைச் சாவியாக வைத்தால் -128 முதல் 127 வரைக்குத்தான் தயார் ஆப்ஜெக்ட் இருக்கிறது, 128 வந்தாலே பெரும்பாலும் புதிது பிறக்கும். லாக் வரிக்காகக் கூட்டல் குறி போட்டு ஸ்ட்ரிங்குகளை ஒட்டினாலும் இதே கதை. லாக்கை அணைத்து வைத்திருந்தாலும் ஒட்டும் வேலை நடந்துகொண்டே இருக்கும்!

த்ரெட்டுக்கு (புரோகிராமுக்குள் தனியாக ஓடும் வேலைச்சரடு) முன்னுரிமை எண் 10 கொடுத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்களும் உண்டு. லினக்ஸில் ஜாவாவை ஓட்டும் ஹாட்ஸ்பாட் ஜேவிஎம் இயல்பான அமைப்பில் அந்த எண்ணைக் கண்டுகொள்வதே இல்லை.

அப்புறம் ஸ்லீப். 10 மில்லிசெகண்டுக்கு ஒரு சுற்று வேண்டும் என்று, வேலைக்கு 2 மில்லிசெகண்ட், பிறகு 10 மில்லிசெகண்ட் தூக்கம் என்று எழுதினால் ஒரு சுற்று 12 ஆகிறது. ஆயிரம் சுற்றில் 10 செகண்டில் முடிய வேண்டியது 12 செகண்டுக்குப் போய் நிற்கும். அடுத்த சுற்று தொடங்க வேண்டிய நேரத்தை நானோடைமில் முன்பே குறித்துக்கொண்டு, மீதி இருக்கும் நேரம் மட்டும் தூங்க வேண்டும். நாள்-நேரம் சொல்லும் கரண்ட்டைம்மில்லிஸ் இதற்கு ஆகாது, கணினிக் கடிகாரத்தை யாராவது திருத்தினால் அதுவும் சேர்ந்து குதிக்கும்.

கடைசியாக, பழைய உதாரணங்களை ஒட்டி எழுதுவது. ஜாவல்யூஷனின் 5ஆம், 6ஆம் பதிப்புகளுக்கு இடையே நிறைய மாறியிருக்கிறது. 6இல் ஷேர்ட் என்று கூப்பிட்டால் பல த்ரெட்டுகள் பாதுகாப்பாகத் தொடக்கூடிய புதிய வியூ ஒன்று, அதாவது அதே டேபிளுக்கான இன்னொரு வாசல், திரும்பக் கிடைக்கும். அதை வாங்கி வைக்காமல் பழைய டேபிளையே தொடர்ந்து பயன்படுத்தினால் பாதுகாப்பு எதுவும் வந்து சேராது. கம்பைலரும் வாய் திறக்காது. இரண்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் எழுதும் வரை எல்லாம் சரியாகவே ஓடும்.